எழுத்து ஒன்று, ஒலி இரண்டு: வெளிநாடு போகும் நர்ஸ்கள் கவனத்துக்கு

சேலத்தில் ஓஇடி தேர்வுக்கு, அதாவது வெளிநாட்டு மருத்துவ வேலைக்குப் போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வுக்கு, படிக்கும் நர்ஸ்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆத்தூர், வாழப்பாடி, ஓமலூர் பக்கமிருந்தும் ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்தும் வருகிறார்கள், நைட் டியூட்டி முடித்துவிட்டு நேராக வகுப்புக்கு வருகிறவர்களும் உண்டு. நோட்டைத் திறந்தால் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலில் தமிழில் உச்சரிப்பு எழுதியிருக்கும். அது நல்ல பழக்கம்தான். ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரே உச்சரிப்பை எழுதி, எந்த வாக்கியத்தில் வந்தாலும் அதையே வாசிக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் சிக்கல்.

காயம் என்றால் வூண்ட் (wound), இது எல்லா நர்ஸுக்கும் தெரியும். அந்தக் காயத்தைச் சுற்றிக் கட்டுப் போட்டேன் என்று சொல்லும்போது அதே ஐந்து எழுத்து வவுண்ட் ஆகிவிடும். ஈசிஜி எடுக்கும்போது மாட்டும் ஒயர் லீட் (lead), அதே எழுத்தில் உடம்பில் ஈயம் ஏறினால் லெட் பாய்சனிங். கண்ணீர் டியர் (tear), தசை கிழிந்தால் டேர். நோயாளி எங்கே குடியிருக்கிறார் என்று கேட்டால் லிவ் (live), போலியோ சொட்டு மருந்து லைவ் வாக்சின். தேர்வின் லிசனிங் முதல் பகுதியில் கேட்டுக்கொண்டே குறிப்பை நிரப்ப வேண்டும், காதில் லெட் என்று விழுகிறது, ஆனால் மனதில் பதிந்திருப்பது லீட் மட்டும்தான் என்பதால் வேறு ஏதோ சொல் என்று நினைத்து எழுதிவிடுகிறார்கள்.

தமிழில் ஆறு என்று எழுதினால் நதியானாலும் எண்ணானாலும் ஒலி ஒன்றுதான், அந்த நம்பிக்கையோடு வருகிறவர்களுக்கு ஆங்கிலம் குழப்பத்தான் செய்யும். வில்லியம் காக்ஸ்டன் 1476இல் லண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்த பிறகு ஆங்கிலச் சொற்களை எழுதும் முறை மெல்ல மெல்ல நிலைத்துக்கொண்டிருந்தது, அதே காலத்தில் வாய்ப்பேச்சில் நெடில் உயிர்கள் இடம் மாறிக்கொண்டிருந்தன. வூண்ட், வவுண்ட் இரண்டிலும் முன்பு ஊகாரம்தான். சுற்றுவது மாறிப்போனது, காயம் மாறவில்லை. ஆக, இது உங்கள் படிப்பின் குறையே இல்லை. ஆங்கிலம் வராது என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளைக் கூனவைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இதைவிட நுட்பமானது அழுத்தம். தமிழில் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் பொருள் மாறாது, அதனால் நம் காது அதைக் கவனிப்பதே இல்லை. நோயாளியின் ரெக்கார்டு என்றால் முதல் அசையில் அழுத்தம், டெம்பரேச்சரைப் பதிவுசெய் என்றால் ரிக்கார்ட், இரண்டாவது அசையில். மருந்து வேண்டாம் என்று மறுப்பது ரிஃப்யூஸ், வார்டுக் குப்பை ரெஃப்யூஸ். செல்லாத கார்டு என்னும்போது இரண்டாவது அசையில் அழுத்திச் சொல்லும் இன்வேலிட், முதல் அசையில் அழுத்தினால் நோயாளியைக் குறிக்கும் பழைய சொல்லாகிவிடும், இன்று அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்கிறார்கள், நோயாளி முன்னால் வாயில் வரவே கூடாது. பெயர்ச்சொல்லுக்கு முதல் அசை, வினைக்கு இரண்டாவது என்று ஒரு வழி சொல்வார்கள், நிறைய இடத்தில் கைகொடுக்கும். ஆனால் ரிப்போர்ட், கன்ட்ரோல் இரண்டுக்கும் எப்போதும் இரண்டாவது அசைதான், அங்கே அந்த வழியை நம்பிப் போகாதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? சொல்லைத் தனியாக எழுதாதீர்கள், வார்டில் நீங்கள் உண்மையில் பேசும் வாக்கியமாக எழுதி அதன் மேல் உச்சரிப்பைக் குறியுங்கள். இரட்டை ஒலிச் சொல் என்றால் இரண்டு வாக்கியம், அழுத்தம் விழும் அசைக்குக் கீழே ஒரு கோடு. பேச்சுத் தேர்வில் நர்ஸாக நடித்துப் பேசும் ரோல் பிளேவுக்கான அட்டை கையில் கிடைத்ததும் தயாராக மூன்று நிமிடம் தருவார்கள், அதில் இப்படிப்பட்ட சொல் இருக்கிறதா என்று ஒருமுறை கண்ணை ஓட்டுங்கள். அப்புறம் செல்போன் அகராதியில் ஒலிபெருக்கிக் குறியை அழுத்தும்போது முதல் ஒலியோடு நிறுத்தாமல், வினை, பெயர் இரண்டு பதிவையும் திறந்து கேளுங்கள், பல செயலிகளில் இரண்டாவது கீழே ஒளிந்திருக்கும்.