அடைப்பு சரி, ஓடியது காற்றல்ல

நன்றாக இருந்த ஆள் திடீரென்று விழுகிறார். பேச்சில்லை, அசைவில்லை. பண்டைய கிரேக்க மருத்துவர்கள் இதை 'அபோப்ளெக்சியா' என்றார்கள். ஓங்கி அடித்து வீழ்த்தப்பட்ட நிலை என்று பொருள். இன்று நாம் பக்கவாதம் என்பதில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். ஹிப்போகிராட்டீஸ் பெயரில் வழங்கும் மருத்துவ வாக்கியங்கள், இது 40 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையில்தான் அதிகம் வரும் என்கின்றன. கடுமையாக வந்தால் குணப்படுத்த முடியாது, லேசாக வந்தாலும் சுலபமில்லை என்று கையையும் விரித்துவிடுகின்றன.

சரி, காரணம் என்ன? அதே மரபில் வந்த, வலிப்பு பற்றிய நூல் ஒன்று, சாமி குற்றம் என்ற பேச்சையே ஒதுக்கிவிட்டு மூளையைக் கைகாட்டியது. மூளையிலிருந்து குளிர்ந்த கபம் ரத்தக்குழாய்களில் இறங்கி, உள்ளே ஓடும் காற்றை மறிக்கிறதாம். நம்பாவிட்டால், வலிப்பு வந்த ஆட்டின் தலையைப் பிளந்து பாருங்கள், மூளை நீர்கோத்து நாறும் என்றும் சொன்னது.

ரத்தக்குழாயில் ஏன் காற்று வந்தது? உயிர் போனபின் தமனிகளில் ரத்தம் பெரும்பாலும் வடிந்துவிடும். பிணத்தை அறுத்தவர்கள் காலிக் குழாயைத்தான் பார்த்தார்கள். அதனால் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் எராசிஸ்ட்ராட்டஸ், தமனியில் ஓடுவது 'நியூமா' என்ற உயிர்க்காற்று என்றார். (நம் 'வாத'மும் காற்றுதான்.) கி.பி. 2ஆம் நூற்றாண்டில் இன்னொரு கிரேக்க மருத்துவரான கேலன், உயிருள்ள விலங்கின் தமனியை இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டி, நடுவே கீறிக் காட்டினார். வந்தது ரத்தம். அத்தோடு நியூமாவை அவர் விட்டிருக்கலாம், விடவில்லை. மூளைக்குள் இருக்கும் அறைகளில் அது நிறைந்திருக்கிறது, கெட்டிக் கபம் அங்கே அடைத்துக்கொண்டால் அபோப்ளெக்சியா என்றார். ரத்தக்கட்டி தமனியை அடைப்பதே பக்கவாதத்துக்கு முக்கியக் காரணம் என்று இன்று தெரியும். அடைப்பு என்ற யூகம் வரை அவர்கள் சரியாகவே வந்திருந்தார்கள்.

ஆனால் என்னை அசத்துவது கப்படோசியாவைச் சேர்ந்த பண்டைய கிரேக்க மருத்துவர் அரிட்டேயஸ்தான். தலையின் ஒரு பக்கம் அடிபட்டால் உடலின் மறுபக்கம் இழுத்துக்கொள்கிறது என்பது ஹிப்போகிராட்டீஸ் மரபினருக்கே தெரியும். ஏன் என்று அரிட்டேயஸ் யோசித்தார். கோளாறு தலைக்குக் கீழே என்றால் அதே பக்கம் செயலிழக்கிறது. தலைக்குள் என்றால் எதிர்ப்பக்கம். அப்படியானால் நரம்புகள் புறப்பட்ட இடத்திலேயே, கிரேக்க எழுத்து 'கை'யைப் போல, அதாவது பெருக்கல் குறிபோல, பக்கம் மாறிச் செல்லவேண்டும். அந்தக் குறுக்குப் பாதை, மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் இருப்பதை இத்தாலியரான மிஸ்டிகெல்லி 1709இல் எழுதினார். அவருடைய நூலும் அபோப்ளெக்சியா பற்றியதுதான்.