வெளிநாட்டுத் தொழிற்பூங்காவில் இடமா? குத்தகை முடியும் தேதியைப் பாருங்கள்

மதுரை கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளில் கம்பெனி வைத்திருக்கும் சிலர் இப்போதெல்லாம் ஏஜென்ட் கொடுத்த பளபளப்பான கையேட்டோடு என் அலுவலகத்துக்கு வருகிறார்கள். “சார், வியட்நாம்ல தொழிற்பூங்கா. ரோடு, கரண்டு, தண்ணி எல்லாம் ரெடி. வரியே கிடையாதாம். பணத்தை எப்படி அனுப்புறது?” ஆடிட்டரிடம் கடைசியாகக் கேட்க வேண்டியதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

திட்டம் ஏமாற்று வேலை இல்லை. ஒரு நாட்டு நிறுவனம் இன்னொரு நாட்டில் மொத்தமாக நிலம் எடுத்து, சாலை, மின்சாரம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் அமைத்து, வெளிநாட்டு முதலீட்டாளர்களைக் கூப்பிடுகிறது. சிங்கப்பூர் இதில் பழம் தின்று கொட்டை போட்ட நாடு. 1994இல் சீனாவின் சுஜோவில் ஆரம்பித்தது. 1996இல் வியட்நாமில், அன்றைய பின் டுவோங் மாகாணத்தில், கூட்டுப் பூங்கா வந்தது. ஆனால் சுஜோவில் சிங்கப்பூரே அடி வாங்கியது. உள்ளூர் நிர்வாகம் பக்கத்திலேயே தன் சொந்தப் பூங்காவுக்கு ஆள் பிடித்தது. 2001இல் சிங்கப்பூர் தரப்பு தன் பங்கை 65 சதவீதத்திலிருந்து 35 ஆகக் குறைத்துக்கொண்டது. ஒரு அரசாங்கத்துக்கே அந்தக் கதி என்றால், ரப்பர் வாஷர் அடிக்கிற நாம் எம்மாத்திரம்?

நான் அதிக நேரம் உட்காருவது குத்தகைப் பத்திரத்தில்தான். நாலு சென்ட் மனை வாங்கினாலே முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறவர்கள், கடல் தாண்டிப் போகும்போது கையேட்டை நம்பிவிடுகிறார்கள். வியட்நாமில் நிலத்துக்குத் தனியார் உரிமை கிடையாது, பயன்படுத்தும் உரிமை மட்டும்தான். பூங்கா நிறுவனத்துக்கு அரசு தரும் காலம் பொதுவாக 50 ஆண்டு. அந்தக் கணக்கு ஓடத் தொடங்குவது பூங்கா நிறுவனம் நிலம் எடுத்த நாளிலிருந்து, நீங்கள் போன நாளிலிருந்து அல்ல.

ஒருவர் கொண்டுவந்த கையேட்டில் ‘50 ஆண்டு’ என்று கொட்டை எழுத்து. ஒப்பந்த நகலின் பின்னிணைப்பில் பூங்காவின் குத்தகை முடியும் தேதி இருந்தது. கழித்துப் பார்த்தால் 31 ஆண்டுதான் மிச்சம். அந்த 31 ஆண்டுக்கும் சேர்த்து டாலரில் விலை சொல்லி, ஒரே தவணையில் கேட்டிருந்தார்கள். போதாததற்கு வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம். எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு வரம்பே எழுதவில்லை. அந்த வரம்பைச் சேர்க்கச் சொல்லிக் கடிதம் போட்டோம், ஏஜென்ட் பேச்சையே காணோம்.

வரி விலக்கு? வியட்நாமில் 2025இல் வந்த புதிய கம்பெனி வருமான வரிச் சட்டம், தொழிற்பூங்காவில் இருப்பதற்காகவே கிடைத்துவந்த சலுகையை எடுத்துவிட்டது. பழைய கையேடுகள் மட்டும் இன்னும் சுற்றுகின்றன. உங்கள் தொழிலுக்கு அந்தப் பூங்காவில் அனுமதி உண்டா, கழிவுநீரை எந்தத் தரத்தில் அவர்கள் குழாயில் விட வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். சாயம், முலாம் பூசுகிறவர்களுக்குப் பல பூங்காக்கள் கதவே திறக்காது.

சரி, பணம். 2022 ஆகஸ்ட் 22 முதல் ஃபெமா எனும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டு முதலீட்டுக்குப் புதிய விதிகள் நடைமுறையில் உள்ளன. கம்பெனி என்றால், கடைசியாகத் தணிக்கையான கணக்கில் உள்ள நிகர மதிப்பில் (சொத்தில் கடன் போக மிச்சம்) 400 சதவீதம் வரை, பெரும்பாலும் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமலே போடலாம். ஆனால் முதல் டாலர் போகும் முன் வங்கி வழியாக அந்த முதலீட்டுக்கு ரிசர்வ் வங்கியின் அடையாள எண் வாங்கியாக வேண்டும். அப்புறம் ஆண்டுதோறும் டிசம்பர் 31க்குள் அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் செயல்பாட்டு அறிக்கை. அதைத் தாக்கல் செய்யாமல் விட்டால் தாமதக் கட்டணம், சரிசெய்யும்வரை மேற்கொண்டு பணம் அனுப்பவும் முடியாது. தனி ஆளுக்கு நிதியாண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரம்பு. “உறவினர் பராமரிப்புன்னு போட்டு அனுப்பிடுங்க சார்” என்று சில ஏஜென்ட்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள். அது நேரடி விதிமீறல். மாட்டினால் ஏஜென்ட் இருக்க மாட்டார், உங்கள் பான் எண்தான் இருக்கும்.

இன்னொன்று. இங்கிருந்து வியட்நாமுக்குப் போக யோசிக்கும்போதே, வியட்நாமின் வின்ஃபாஸ்ட் தூத்துக்குடி சிப்காட் பூங்காவில் கார் ஆலை கட்டி 2025 ஆகஸ்டில் திறந்துவிட்டது. கப்பலூரிலிருந்து நான்குவழிச் சாலையில் நேராகப் போகிற தூரம். வாகன உதிரிபாகம் செய்கிறவர்கள் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும் முன் அங்கே ஒரு சாம்பிள் கொடுத்துப் பார்க்கலாம்.