மீயாற்றல்: சொல்லும் பொருளும் பழைய காமிக்ஸ் கணக்கும்

மீயாற்றல் (பெயர்ச்சொல்): மனித உடலுக்கு இயல்பாக உள்ள எல்லையை மீறிய வலிமை, வேகம், புலன் அல்லது உருமாறும் தன்மை. காமிக்ஸ் வாசகர்கள் வாயில் ‘சூப்பர்பவர்’. மீ + ஆற்றல் என்று பிரியும். நடுவில் வருவது யகர உடம்படுமெய். ‘மீஆற்றல்’ என்று எழுதினால் பிழை.

‘சூப்பர்’ லத்தீன் முன்னொட்டு. பொருள் ‘மேல்’, அவ்வளவுதான். மெய்யியலாளர் நீட்சே ஜெர்மனில் எழுதிய சொல்லுக்கு ஈடாக ‘சூப்பர்மேன்’ என்பதை ஆங்கிலத்தில் பரவச் செய்தது பெர்னார்ட் ஷாவின் 1903 நாடகம். 1938 ஜூன் தேதியிட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் அதே பெயரைத் தங்கள் நாயகனுக்குச் சூட்டினார்கள். ‘சூப்பர்பவர்’ வந்த வழி வேறு. 1921இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை, பாஸ்டனுக்கும் வாஷிங்டனுக்கும் இடையிலுள்ள மின்நிலையங்களை ஒரே வலையாகப் பிணைக்கும் திட்டத்துக்கு இந்தப் பெயரை வைத்தது. அங்கே ‘பவர்’ என்றால் மின்சாரம். 1944இல் அரசியல் அறிஞர் வில்லியம் ஃபாக்ஸ் அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் ஒன்றியம் மூன்றையும் இதே சொல்லால் குறித்துப் புத்தகம் எழுதினார். அந்தப் பொருளுக்குத் தமிழில் ‘வல்லரசு’ நிலைத்துவிட்டது. எனவே காமிக்ஸ் நாயகனுக்கு வல்லரசு கிடையாது. அகராதியை மட்டும் நம்பி மொழிபெயர்ப்பவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள்.

தமிழ்ச் சொல்லாகப் பலவற்றை முயன்றிருக்கிறார்கள். ‘அதிநாயகன்’ கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வடமொழியில் ‘மிகுதி’ குறிக்கும் முன்னொட்டும் ‘தலைமை’ குறிக்கும் முன்னொட்டும் தனித்தனி. தமிழ் எழுத்தில் இரண்டுமே ‘அதி’ ஆகிவிடுவதால், வெறும் ‘தலைவன்’ என்றும் அது படும். ‘மீத்திறன்’ நல்ல ஆக்கம்தான், ஆனால் பள்ளிக்கல்வியில் நன்றாகப் படிக்கும் மாணவருக்கு அதை எடுத்துக்கொண்டார்கள். ‘சித்தி’ இன்னும் நெருங்கி வரும். சுருங்குவது அணிமா, பெருப்பது மகிமா, எடை இழப்பது இலகிமா, எடை கூடுவது கரிமா என்று பழைய காமிக்ஸின் பாதிப் பட்டியல் அதில் அடங்கிவிடும். ஆனால் சித்தி பயிற்சியால் கைகூடுவது. காமிக்ஸில் பெரும்பாலும் பிறப்பாலோ ஆய்வுக்கூட விபத்தாலோ வாய்ப்பது. மிஞ்சுவது ‘மீ’. “மீக்கூறும் மன்னன் நிலம்” என்ற குறளில் (386) உள்ள அதே ‘மேல்’ பொருளில்தான் மீயொலி, மீகடத்தி என்ற அறிவியல் சொற்களும் வருகின்றன. ஆகவே ஆளுக்கு மீநாயகன், வல்லமைக்கு மீயாற்றல்.

‘மேல்’ என்று சொன்னால் ஓர் அளவுகோல் இருக்க வேண்டும். பழைய காமிக்ஸ்காரர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. முதல் இதழிலேயே சூப்பர்மேன் வலிமைக்கு ‘அறிவியல் விளக்கம்’ என்று ஒரு கட்டம் போட்டார்கள்: எறும்பு தன் எடையைப் போல் பல நூறு மடங்கு தாங்குகிறது, வெட்டுக்கிளி தன் உடலைப் போல் பல மடங்கு தூரம் தாவுகிறது, மனித உருவில் ஒருவனுக்கு ஏன் முடியாது?

முடியாததற்குக் காரணம் 1638இலேயே கலிலியோ எழுதிவைத்தது. 2 மில்லிமீட்டர் எறும்பை 2 மீட்டராக்குங்கள். நீளம் 1,000 மடங்கு. தசையின் வலு அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது, அது 10 லட்சம் மடங்கு. எடை கன அளவைப் பொறுத்தது, அது 100 கோடி மடங்கு. எடைக்கேற்ற வலு ஆயிரத்தில் ஒன்றாகச் சரிகிறது. தன்னைப் போல் 50 மடங்கு தூக்கிய எறும்பு, பெரிதானபின் தன் எடையில் இருபதில் ஒரு பங்கைத்தான் தூக்கும். எழுந்து நிற்கவே முடியாது.

அந்த இதழில் சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது, தாவத்தான் தெரியும்: எட்டில் ஒரு மைல், அதாவது 201 மீட்டர். 45 பாகையில் எம்பினால் புறப்படும் வேகம் நொடிக்கு 44 மீட்டர், மணிக்கு 160 கிலோமீட்டர். முழங்கால் மடித்து நிமிரும் தூரம் அரை மீட்டர். அதற்குள் இந்த வேகம் வந்தாக வேண்டும். உடல் எடை 90 கிலோ என்றால் கால் கொடுக்க வேண்டிய உந்துவிசை சுமார் 18 டன். இரண்டு காலணி அடிப்பரப்பு 400 சதுர செ.மீ. எனக் கொண்டால், தரைமேல் ஒரு சதுர செ.மீ.க்கு 45 கிலோ. கெட்டி மண் தாங்குவது அதில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். எனவே கால் வலுவாக இருந்தாலும் மண் விட்டுக்கொடுத்துவிடும். ஆள் மேலே போவதற்குப் பதில் கீழே புதைவார்.

இப்படி ஒரு மீயாற்றல் செயல்பட, கதை சொல்லாமல் விட்ட இன்னொன்று பின்னால் தேவைப்படும். அதைத் ‘துணையாற்றல்’ எனலாம். கண்ணுக்குத் தெரியாமல் மறையும் மீயாற்றலை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் முழுக்க ஒளி ஊடுருவினால் விழித்திரையிலும் ஒளி தங்காது. மறைந்து நிற்பவருக்கு எதுவும் தெரியாது. பார்வை அவருக்குத் துணையாற்றல்.

கலைச்சொல் பிழையிலிருந்தே பிறந்த மீயாற்றலும் உண்டு. 1940 ஜனவரி தேதியிட்ட ஃபிளாஷ் காமிக்ஸ் முதல் இதழில், ஃபிளாஷ் என்ற நாயகனாகும் ஜே கேரிக் ஆய்வுக்கூடத்தில் கடின நீரின் ஆவியைச் சுவாசித்து அதிவேகம் பெறுகிறார். கடின நீர் என்பது கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்த நீர். சூடாக்கினால் உப்பு பாத்திரத்திலேயே படிந்துவிடும். மேலே வருவது வெறும் நீராவி. பின்னால் வந்த கதைகளில் இதைக் கன நீர் என்று திருத்தினார்கள். கன நீரில் சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வடிவமான டியூட்டிரியம் இருக்கும். அடர்த்தி 11 விழுக்காடு கூடுதல். திருத்தியும் பயனில்லை. கன நீர் உடலின் வேதிவினைகளை மந்தமாக்கும், செல் பிரிவதைத் தடுக்கும். ஓட்டக்காரருக்கு இதைவிடத் தவறான மருந்து அமையாது. மொழிபெயர்ப்பவர் கதை வெளிவந்த ஆண்டைப் பார்த்து எந்த நீர் என்று முடிவு செய்ய வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடக் கூடாது.

விசித்திரத்தில் முதலிடம் 1962இல் அறிமுகமான மேட்டர் ஈட்டர் லேட் என்ற காமிக்ஸ் நாயகனுக்கு. எதையும் தின்பார், சொந்தக் கிரகத்தின் பெயர் பிஸ்மால், வயிற்றுக்கோளாறு மருந்தின் பெயரை வைத்த குறும்பு. ஒரு கிலோ இரும்பைத் தின்றால் என்ன ஆகும்? முழுதும் கரைய சுமார் 36 மோல் (வேதியியலில் பொருளின் அளவைக் குறிக்கும் அலகு) ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும். நம் வயிறு நாளுக்குச் சுரப்பது 0.3 மோல் அளவுதான். நான்கு மாதச் சுரப்பு ஒரே வேளைக்குச் செலவாகும். கூடவே 430 லிட்டர் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். கரைந்த இரும்பு இன்னும் மோசம்: உடல் எடையில் கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டினாலே கடும் நச்சு.

ஆனால் கரைக்காமல் கடத்திவிடலாம். பிரான்சின் மேடைக் கலைஞர் மிஷேல் லோதித்தோ 1978 முதல் 1980 வரை ஒரு செஸ்னா 150 விமானத்தையே தின்று முடித்தார். உலோகத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, கனிம எண்ணெய் குடித்துத் தொண்டையை வழுக்கலாக்கி, நிறையத் தண்ணீரோடு விழுங்குவார். வயிறு, குடலின் உட்சுவர் வழக்கத்துக்கு மாறாகத் தடித்திருந்தது என்பது அவருடைய துணையாற்றல். வாழைப்பழமும் அவித்த முட்டையும்தான் அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவரைப் பற்றிய செய்திகளில் தவறாமல் வரும்.