மச்சில் முற்றும் வினிகர்

இத்தாலியின் மோடெனா நகரத்துப் பழைய வீடுகளில், பால்சாமிக் வினிகர் இருப்பது ஓட்டுக் கூரைக்கு நேர் கீழே உள்ள மச்சில். கோடையில் அங்கே வியர்த்துக் கொட்டும், குளிர்காலத்தில் கை விறைத்துப்போகும். அந்த வினிகருக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. மகள் பிறந்ததும் ஒரு பீப்பாய் வரிசையைத் தொடங்கி, கல்யாணத்தில் சீதனமாகக் கொடுத்தனுப்புவது அந்த ஊர்க் குடும்பங்களின் பழைய வழக்கம்.

மூலப்பொருள் திராட்சைச் சாறு மட்டும்தான். த்ரெபியானோ, லம்புருஸ்கோ வகைத் திராட்சைகளைப் பிழிந்து, திறந்த பாத்திரத்தில் மணிக்கணக்காகச் சுண்டக் காய்ச்சுவார்கள். ஆறியபின் ஈஸ்ட் அதிலுள்ள சர்க்கரையில் ஒரு பகுதியை ஆல்கஹாலாக்கும். அசிட்டிக் பாக்டீரியா அந்த ஆல்கஹாலை அமிலமாக்கும். இந்த பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். அதனால் பீப்பாயை முழுக்க நிரப்பமாட்டார்கள். மேல் துளையைத் துணியால் மட்டும் மூடுவார்கள்.

மற்றதைப் பருவங்கள் பார்த்துக்கொள்கின்றன. கோடை வெப்பத்தில் மரத்தின் வழியாகவும் துளை வழியாகவும் நீர் ஆவியாகும், சர்க்கரையும் அமிலமும் செறியும். குளிரில் நுண்ணுயிர்கள் அடங்க, கசடு அடியில் தங்கித் தெளியும். இதற்கிடையே சர்க்கரையும் அமினோ அமிலங்களும் மெல்ல வினைபுரிந்து, கருப்பட்டிப் பாகு போன்ற நிறத்தையும் புதுப்புது மணங்களையும் உண்டாக்கும்.

ஆண்டுதோறும் அளவு குறைவதால் பீப்பாய்களும் படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகும். வழக்கமாக ஐந்து அல்லது அதற்கு மேல் இருக்கும். ஓக், செர்ரி, முசுக்கட்டை, ஜூனிபர் என ஒவ்வொரு மரமும் தன் மணத்தைச் சேர்க்கும். குளிர்காலத்தில் மிகச் சிறிய பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுப்பார்கள். அந்தக் குறையை அடுத்த பெரிய பீப்பாயிலிருந்து நிரப்பி, அதன் குறையை அதற்கடுத்ததிலிருந்து நிரப்பி, கடைசியில் பெரிய பீப்பாயில் அந்த ஆண்டின் காய்ச்சிய சாற்றை ஊற்றுவார்கள். எதையும் முழுக்கக் காலி செய்வதில்லை. ஆகவே கொள்ளுப்பாட்டி ஊற்றிய சாற்றின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு குறையுமே தவிர, கணக்குப்படி பூஜ்ஜியமாகாது. ஒரு குடும்பச் சமையல் குறிப்பு இப்படித் திரவமாகவே கைமாறுவது எனக்குத் தீராத வியப்பு.

குறைந்தது 12 ஆண்டுகள் முற்றி, சுவைக் குழுவின் தேர்விலும் தேறினால்தான் மோடெனாவின் ‘பாரம்பரிய’ முத்திரை. 25 ஆண்டு தாண்டியதை ‘எக்ஸ்ட்ராவெக்கியோ’ என்பார்கள். இரண்டுமே வழக்கமாக 100 மில்லி பாட்டிலில் வரும். சூப்பர்மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும் பால்சாமிக் வேறு சரக்கு: அதில் ஒயின் வினிகர் கலந்திருக்கும், முற்றவைப்பது 60 நாள் இருந்தாலே போதும். அதைத் தாராளமாகச் சமையலில் ஊற்றலாம். பாரம்பரிய வினிகரை மட்டும் அடுப்பில் வைக்காதீர்கள். சூட்டில் மணம் பறந்துவிடும். பார்மிஜானோ சீஸ் துண்டின்மேல் சில சொட்டு விட்டுச் சாப்பிடுங்கள்.