அரிவாள் வாங்கப் போனால் கூர்மையைக் கடைசியாகப் பாருங்கள்

கடையில் அரிவாளைக் கையில் வாங்கியதும் முக்கால்வாசிப் பேர் செய்வது, அதன் வாயோரம் கட்டை விரலால் தடவிப் பார்ப்பதுதான். சுரீரென்று இருந்தால் நல்ல அரிவாள், இல்லாவிட்டால் "வேற காட்டுங்க". ஆனால் கூர் என்பது அரிவாளில் மிக மலிவான சரக்கு. ஓர் அரமும் சாணைக்கல்லும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தால் தகரத்துக்குக்கூடக் கூர் ஏற்றிவிடலாம். இரும்பின் பதமும், பிடிக்குள் காம்பு உட்கார்ந்திருக்கும் விதமும், ஓங்கும்போது எடை எங்கே விழுகிறது என்பதும் அப்படியல்ல. வீட்டுக்கு வந்தபின் இவற்றை நம்மால் மாற்ற முடியாது. கை கால் போகும் விபத்துகள் தொடங்குவதும் பெரும்பாலும் இங்கேதான்.

இங்கே பேசுவது வெட்டரிவாளைப் பற்றி. கொங்குப் பக்கம் கொடுவாள், குமரிப் பக்கம் வெட்டுக்கத்தி, ஈழத்தில் காட்டுக்கத்தி. கதிர் அரிவாள் இழுத்து அறுக்க, பனையேறியின் பாளை அரிவாள் மெல்லச் சீவ. வெட்டரிவாள் மட்டும்தான் ஓங்கி அடிக்கிற கருவி. அடி வாங்கும் கருவிக்கு உடம்பு வேறு மாதிரி இருக்க வேண்டும்.

முதலில் எதை வெட்டப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். பச்சைத் தண்டும் புல்லும் என்றால் வேகம்தான் வெட்டும், எடை அல்ல. லத்தீன் அமெரிக்க நாடுகளில் கரும்புக்கும் புதருக்கும் வீசுகிற மேச்செட்டி 2, 3 மில்லிமீட்டர் தகடுதான். அதைக் கொண்டுவந்து காய்ந்த வேலிக்கருவையில் போட்டால் தகடு முறுக்கிக்கொள்ளும், வாய் மடங்கும். நேபாளத்துக் குக்ரியின் முதுகு 8 மில்லிமீட்டரைத் தொடும். கட்டையில் இறங்கும், ஆனால் வாழைத்தோப்பில் அதை நாள் முழுக்க வீசினால் சாயங்காலம் தோளைத் தூக்க முடியாது. நம் ஊர் வேலைக்கு இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும். வேலி, கருவை, மூங்கில், காய்ந்த தென்னை மட்டை என்றால் முதுகு 5 முதல் 6 மில்லிமீட்டர், அலகு 25 முதல் 30 சென்டிமீட்டர், பிடியோடு மொத்த எடை 700 முதல் 900 கிராம். வாழை, பச்சை மட்டை, கொடி என்றால் 500, 600 கிராமே தாராளம். முன்கைப் பருமனுக்கு மேல் விறகு வெட்டுவதானால் அரிவாளே வேண்டாம், கோடாலி வாங்குங்கள். கோடாலியின் வேலையை அரிவாளிடம் வாங்கப் பார்ப்பதால்தான் பாதி அரிவாள்கள் காம்போடு முறிகின்றன.

நீளம் கூடினால் வீரம் கூடும் என்று நினைப்பவர்கள் உண்டு. நுனியிலிருந்து பிடி வரை மொத்த நீளம், உங்கள் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை உள்ள அளவைத் தாண்ட வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் தவறிய வெட்டு தரையைத் தொடும் முன் முழங்காலைத் தொடும்.

வளைந்த மூக்கு அழகுக்கு வைத்ததல்ல. முள் கிளையைக் கையால் தொடாமல் கொக்கிபோல இழுத்துப் போட அது உதவுகிறது. குனிந்து வெட்டும்போது வாய் மண்ணில் படும் முன் மூக்கு தரையில் தட்டி எச்சரிக்கிறது. அடிக்கட்டை மேல் வைத்துச் சுள்ளி பிளப்பதுதான் முக்கிய வேலை என்றால் அதே மூக்கு இடைஞ்சல். அப்போது நேர் அலகு போதும்.

எடை விழும் இடத்தைக் கடையிலேயே பார்த்துவிடலாம். அரிவாளை ஒரு விரல் மேல் கிடத்தி நிறுத்துங்கள். பிடி முடியும் இடத்திலிருந்து நாலு விரல் தள்ளி முன்னால் சமநிலை வந்தால் வெட்டு தானாக இறங்கும். பிடிக்குள்ளேயே சமநிலை வந்தால் அது காய் நறுக்கும் கத்தி, எவ்வளவு பெரிதாக இருந்தாலும். அடுத்து, பிடியைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு முதுகில் ஒரு குச்சியால் மூக்கிலிருந்து பிடி வரை தட்டிக்கொண்டே வாருங்கள். சில இடங்களில் கை விண்ணென்று அதிரும். ஓரிடத்தில் அதிர்வே தெரியாது. அலகில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், வழக்கமாக வெட்டு விழும் இடத்தில், அந்த அமைதியான இடம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒவ்வொரு வெட்டும் மணிக்கட்டில் திருப்பி அடிக்கும்; கை மரத்துப்போய், பிடி நழுவும்.

இனி பதம். நம் பட்டறைகளில் பெரும்பாலும் வருவது லாரிப் பட்டை இரும்பு, அதாவது லாரியின் பாரம் தாங்கும் வில் பட்டை. அதில் கரிமம் அரை சதவீதத்துக்கு மேல் இருப்பதால் காய்ச்சித் தோய்த்தால் கெட்டிப்படும். கிரில் கேட் செய்யும் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பட்டையில் கரிமம் கால் சதவீதமோ அதற்கும் குறைவோதான்; அதை எத்தனை முறை தோய்த்தாலும் அரிவாளுக்கு வேண்டிய கடினம் ஏறாது. வித்தியாசம் தெரிய வேண்டுமானால் பிடிக்குப் பக்கத்தில் ஒரு நொடி கிரைண்டரை வைக்கச் சொல்லுங்கள். எம்.எஸ். இரும்பு நீளமான மஞ்சள் கோடுகளாகப் பொறி விடும், கிளைகள் அபூர்வம். பட்டை இரும்பின் பொறி நடுவில் வெடித்துக் கம்பி மத்தாப்புபோலச் சிதறும்.

நல்ல இரும்பு பாதிக் கதைதான். மீதி, கொல்லர் துவைச்சல் போடும், அதாவது காய்ச்சித் தோய்த்துப் பதம் ஏற்றும், அந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது. அரிவாளை உலையில் காய்ச்சுவார்கள். காந்தம் ஒட்டாமல் போகும் சூட்டை (770 டிகிரி வாக்கில்) தாண்டிக் கொஞ்சம் ஏற வேண்டும். நிறத்தை வைத்தே இதைக் கணிக்கிறார்கள். அதனால்தான் விவரமான கொல்லர் உலையை நிழலில் வைத்திருப்பார். பளீர் வெயிலில் செம்மஞ்சள்கூட மங்கலாகத் தெரிந்து இரும்பை அதிகமாகக் காய்ச்சிவிடுவோம். பிறகு வாய்ப் பக்கத்தை மட்டும் எண்ணெயில் இறக்குவார். எடுத்து, வாயைச் சாணைத் துண்டால் சட்டென்று தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டே நிற்பார். முதுகில் தேங்கிய சூடு மெல்ல வாய் நோக்கி இறங்கும். பளபளப்பில் நிறங்கள் ஓடும்: வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம். மஞ்சள் 220 டிகிரி, ஊதா 280, நீலம் 300 என்று வைத்துக்கொள்ளலாம். பழுப்பு ஊதாவாகும் நேரத்தில் மறுபடி முக்கி நிறுத்தினால், வாய் கெட்டி, முதுகு இளக்கம். அடியை முதுகு வாங்கிக்கொள்ளும், கூர்மையை வாய் காப்பாற்றும்.

இதில் அவசரம் காட்டினால் என்ன ஆகும் என்பதை வெட்டும்போதுதான் பார்ப்போம். நிறம் ஓட விடாமல் ஒரே முக்கில் முடித்தால் வாய் கண்ணாடிபோல இருக்கும். முதல் முடிச்சில் பட்டதும் சில்லு தெறிக்கும். எண்ணெய்க்குப் பதில் பச்சைத் தண்ணீரில் போட்டால் பட்டை இரும்பு மயிரிழை விரிசல் விடலாம். நிறத்தை நீலத்தையும் தாண்ட விட்டால் வாய் மடங்கிக்கொண்டே இருக்கும், வாரம் ஒரு முறை அரம் கேட்கும். திருப்பாச்சேத்தி அரிவாள் என்று பேர் போட்டு விற்பதாலேயே பதம் வந்துவிடாது. பதம் அந்த ஒரு அரிவாளைத் தோய்த்த கையில் இருக்கிறது.

கடையில் சோதிக்க ஒரு புது முக்கோண அரம் போதும். வாயில் லேசாக வைத்து இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் கடினம் அதிகம். ஆணியைத் தேய்ப்பதுபோலக் கரகரவென்று கடித்தால் இளக்கம். தயங்கித் தயங்கிக் கடிக்க வேண்டும். இன்னொன்று, கூர் போட்ட அரிவாளுக்கு: ஒரு பித்தளைக் கம்பியைக் கிடத்தி, வாயை அதன்மேல் சாய்த்து அழுத்துங்கள். கம்பியின் மேல் வாய் நூலளவு வளைவது வெளிச்சத்தில் தெரியும். எடுத்ததும் நேராக வேண்டும். வளைந்தே நின்றால் மெத்து, உதிர்ந்தால் மொறுப்பு.

பழைய பட்டையில் செய்த அரிவாளில் இன்னொரு வில்லங்கம். வருடக்கணக்கில் பாரம் சுமந்து அயர்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். மண்ணெண்ணெயைத் தடவிப் பத்து நிமிடம் விடுங்கள். சுத்தமாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். நெற்றிக்கு வைக்கும் திருநீறும் போதும். விரிசலுக்குள் போன எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளைத் தூளில் ஈரக் கோடு போடும். கோடு தெரிந்தால் அந்த அரிவாளை வாங்காதீர்கள். ஏற்கெனவே வீட்டில் இருப்பது என்றால் இரும்புக் கடைக்குப் போகட்டும். பற்றவைத்து ஓட்டுகிற வேலையே வேண்டாம். வெல்டிங் சூடு சுற்றிலும் உள்ள பதத்தைக் கெடுத்து, அடுத்த முறிவை ஒரு அங்குலம் தள்ளி வைக்கும், அவ்வளவுதான்.

பிடியைப் பார்க்க உட்கார்ந்து நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மரப் பிடிக்குள் காம்பு எவ்வளவு தூரம் போகிறது என்பது வெளியே தெரியாது. அதனால் பிடியின் அடியைப் பாருங்கள். காம்பு முழுக்க ஓடி, வெளியே வந்து, தட்டி மடக்கியிருந்தால் நிம்மதி. அடி வெறும் மரமாக இருந்தால் உள்ளே இரண்டு அங்குலக் காம்பு மட்டும் சொருகியிருக்கலாம். ஒரு நாள் வீச்சில் அலகு தனியாகப் பறக்கும். காம்பும் அலகும் சேரும் தோள்பட்டை வளைவாக இறங்க வேண்டும். அங்கே சதுர மூலை வெட்டியிருந்தால் அடியின் வேகம் எல்லாம் அந்த மூலையில் குவிந்து, முறிவு அங்கிருந்தே தொடங்கும். பூண் இறுக்கமா என்று ஆட்டிப் பாருங்கள். பச்சை மரத்தில் போட்ட பிடி இரண்டே மாதத்தில் காய்ந்து சுருங்கி ஆடத் தொடங்கும்.

ஆடும் பிடியைத் தண்ணீரில் ஊறப்போடுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். மரம் ஊதி இறுகும், உண்மைதான். காய்ந்ததும் முன்பைவிட ஆடும். உள்ளே காம்பும் துருப்பிடித்து மெலியும். கழற்றி, காம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து, அரக்கும் செங்கல் தூளும் உருக்கி ஊற்றியோ எபாக்சி பசை வைத்தோ மறுபடி இறக்குவதுதான் சரி. பிடி உருண்டையாக இல்லாமல் முட்டை வடிவில் இருந்தால் கண் பார்க்காமலே வாய் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியும். இரும்புக் குழாய்ப் பிடி முறியாது, ஆனால் அதிர்வை அப்படியே கைக்கு அனுப்பும், வியர்வையில் வழுக்கும். சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றினால் ஓரளவு சமாளிக்கலாம். மணிக்கட்டில் கயிறு மாட்டிக்கொள்வதைப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். நழுவிய அரிவாள் கீழே விழுந்தால் விழட்டும். கயிற்றில் தொங்கினால் அது திரும்பி வரும் இடம் உங்கள் கைதான்.

இணையத்தில் விற்கும் 'சர்வைவல்' கத்திகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதுகில் ரம்பப் பல், உள்ளே தீப்பெட்டி வைக்கக் குழிந்த பிடி, கண்ணாடி மாதிரி பாலிஷ். குழிந்த பிடி என்றாலே காம்பு குட்டை. படம் எடுக்க நல்ல பொருள்.

வாங்கிய அன்றே காய்ந்த கருவைக் கிளையில், மணிக்கட்டுப் பருமன் உள்ளதில், இருபது வெட்டு போடுங்கள். பிறகு வாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நல்ல கூர் கண்ணுக்குத் தெரியாது. மடங்கிய இடம் வெள்ளிப் பொட்டாக மின்னும். உதிர்ந்த இடம் பல்லாகத் தெரியும். இரண்டில் எது இருந்தாலும் மறுநாளே கொல்லரிடம் கொண்டுபோங்கள். நேரில் பட்டறையில் வாங்குவதன் லாபமே மறுபடி துவைச்சல் போட்டு வாங்கிக்கொள்ள முடிவதுதான்.

அப்படி வந்த பதத்தை மூன்று நிமிடத்தில் அழிப்பது சாணைக்காரரின் ஆங்கிள் கிரைண்டர். தண்ணீரில் முக்காமல் அழுத்தித் தீட்டினால் வாயோரம் நீலப் பட்டை ஓடும். துவைச்சலின்போது பார்த்த அதே நீலம்தான். சூடு 300ஐத் தொட்டு, அந்த இடம் இளகிவிட்டது என்று அர்த்தம். பார்க்கப் பளபளவென்று இருக்கும், பத்தாவது வெட்டில் மழுங்கும். இரண்டு இழுப்புக்கு ஒரு முறை தண்ணீர் என்று கூடவே நின்று சொல்லுங்கள். அதைவிடப் பட்டை அரம் நல்லது. கட்டைக்கு ஒரு பக்கத்துக்கு 20 முதல் 25 டிகிரி, இளநீர் சீவ அதைவிடக் குறைவாக. அரத்தின் பிடிக்கு முன்னால் ஒரு டயர்த் துண்டைத் துளையிட்டு மாட்டிக்கொண்டால் விரல்கள் தப்பும்.

வெட்டும்போது கிளைக்குக் குறுக்கே நேராக அடிக்காமல் சாய்வாக, இரு பக்கமும் மாற்றி மாற்றி வெட்டுங்கள். அரிவாள் தவறினால் எங்கே போகும் என்று ஓங்கும் முன் பாருங்கள். அந்த வழியில் உங்கள் காலும் அடுத்தவர் கையும் இருக்கக் கூடாது. மீறி வெட்டுப்பட்டால் காப்பித்தூள், சாம்பல் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியை வைத்து, இடையில் எடுத்துப் பார்க்காமல் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். விரல் துண்டானால் ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைத்து, 108ஐ அழையுங்கள். ஐஸ் நேராக விரலில் படக் கூடாது.

சட்டமும் கொஞ்சம். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்த பொருள்களை 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஆயுதமாகச் சேர்ப்பதில்லை. ஆனால் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி அந்த வேலைக்கானது அல்ல என்றால் விதிகள் அதை ஆயுதமாகத்தான் பார்க்கும். ஆகவே தோட்டத்து அரிவாள் தோட்டத்துக்குப் போகும் வழியில் இருப்பது ஒன்று, காரணமில்லாமல் வண்டி சீட்டுக்கு அடியில் கிடப்பது வேறு. வாங்கும்போது பெயர், முகவரி கேட்டால் கொடுத்துவிடுங்கள். கொண்டுபோகும்போது பழைய தண்ணீர்க் குழாயில் அலகின் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, நெடுக ஒரு பக்கம் பிளந்து வாயில் மாட்டுங்கள். அப்படியே சாக்கில் சுற்றி, பிடி மேலே வரும்படி வண்டியில் கட்டிவிடலாம்.