அந்தக் குரங்குக்கு எதுவும் பழகிவிடவில்லை

வனவிலங்கு மருத்துவம் பார்க்கும் எனக்குத் திங்கட்கிழமை வந்தாலே எரிச்சல்தான். சனி, ஞாயிறு மலையேறிய வண்டிகள் இறங்கிப் போன கையோடு வயிறு உப்பிய குரங்குகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இந்த வாரம் வந்தது ஒரு கருமந்தி, இலை தின்னும் மலைக்குரங்கு. வயிறு நிறைய பன்னும் பிஸ்கட்டும். பிழைக்கவில்லை. கொண்டுவந்தவர் சொல்கிறார்: "இத்தனை குளிருக்கே உடம்பு பழகிடுச்சே டாக்டர், பிஸ்கட்டு பழகாதா?"

பழகாது. குளிருக்கும் அது பழகிக்கொள்ளவில்லை. குரங்கின் உடல் வாழிடத்துக்கு ஏற்ப அமைவது உண்மை. ஜப்பானின் பனிக்குரங்குக்கு அடர்ந்த ரோமம், கட்டையான உடம்பு, ஏறக்குறைய 10 செ.மீ. வால். அதற்கு நெருங்கிய உறவான, நம் ஊர்ப்பக்கம் திரியும் நாட்டுக்குரங்கின் வாலோ அரை மீட்டரைத் தாண்டும். நீண்ட வால் வெப்பத்தை வெளியேற்றும். பனியில் அது விறைத்தும் போகும். ஆனால் எந்தப் பனிக்குரங்கும் தன் ஆயுளில் வாலைச் சுருக்கிக்கொள்ளவில்லை. குளிர் தாங்காதவை குட்டி போடாமலே செத்தன, தாங்கியவை குட்டி போட்டன. ஆயிரக்கணக்கான தலைமுறைகளில் நடந்த கதை இது. நீங்கள் பிஸ்கட் போட ஆரம்பித்து எத்தனை தலைமுறை ஆகிறது?

குளிர் என்றால் வால் குட்டை என்று சூத்திரமாகவும் பிடித்துக்கொள்ள வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் குளிரும் சோலைகளில் வாழும் கருமந்திக்கு உடலைவிட நீண்ட வால். கிளைக்குக் கிளை தாவுகிற பிழைப்பில் சமநிலைக்கு அது வேண்டும். வாலைப் போலத்தான் வயிறும். இலை தின்னும் அதன் இரைப்பை பல அறைகள் கொண்டது. உள்ளே நுண்ணுயிரிகள் இலையை மெல்ல நொதிக்க வைக்கின்றன. அங்கே மாவும் சர்க்கரையும் போய் விழுந்தால் அமிலம் ஏறும், வாயு அடைக்கும். ஆட்டுக்கு அரிசிச்சோறு அளவுமீறிப் போனால் என்ன ஆகும் என்று ஆடு வளர்ப்பவர்களைக் கேளுங்கள்.

"ஊட்டிக் குரங்கு குளிருக்குத்தான் குண்டாக இருக்கிறது" என்பவர்களும் உண்டு. ரோட்டோரம் உட்கார்ந்திருக்கும் நாட்டுக்குரங்கு குண்டாவது சிப்ஸால். காட்டுக்குள் இருப்பதும் அதே குளிரில்தான் இருக்கிறது, அதற்குத் தொப்பை இல்லை.

வண்டியை நிறுத்தாதீர்கள். கண்ணாடியை இறக்காதீர்கள். மிச்சச் சோற்றைப் பொட்டலத்தோடு வீசாதீர்கள். பிளாஸ்டிக்கும் சேர்ந்தே உள்ளே போகிறது. வால்பாறைப் பக்கம் மரத்தைவிட்டு இறங்காமல் வாழ வேண்டிய சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு, தார்ரோட்டுக்கு வந்து வண்டியில் அடிபடுகிறது. தயவுசெய்து அதற்குப் பழம்கூடக் கொடுக்காதீர்கள். புண்ணியம் வேண்டுமென்றால் மெதுவாக ஓட்டுங்கள், போதும்.

அப்புறம், குரங்கு கடித்துவிட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே வெறிநாய்க்கடி ஊசிக்கு ஆஸ்பத்திரி போங்கள். மஞ்சளை அப்பிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.