மைக்ரேஷன்: இடப்பெயர்வா, இடப்பெயர்ப்பா?

அலுவலகக் கோப்பெல்லாம் வைத்திருக்கும் பொதுக் கணினியான பழைய ஃபைல் சர்வரை ஓரங்கட்டிவிட்டுப் புதுப் பெட்டி வைக்கும்போது நடக்கும் வேலைக்கு எல்லாரும் மைக்ரேஷன் என்கிறோம். இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் ஒருவர் இடப்பெயர்வு என்கிறார், இன்னொருவர் நகர்வு, எங்காவது ஒருவர் புலம்பெயர்வு என்றே போட்டுவிடுகிறார், படித்தால் எக்செல் கோப்புகள் கப்பலேறிப் போவது போல இருக்கிறது.

மூலம் லத்தீன். ‘மிக்ராரே’ என்றால் ஓரிடம் விட்டு வேறிடம் போவது. யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை, போகிறவர் தானே போகிறார். நம் ‘பெயர்’ என்ற வினையும் அப்படித்தான். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து கலந்து வாழும் ‘புலம்பெயர் மாக்கள்’ தாமாகப் பெயர்ந்து வந்தவர்கள். பறவைகளுக்கு வலசை என்று தனிச் சொல்லே உண்டு.

ஆனால் சர்வர் தானாகப் போகாது, நாம்தான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பெயர்க்க வேண்டும். இங்கேதான் தமிழ் கைகொடுக்கிறது. பெயர்தல் தன்வினை, பெயர்த்தல் பிறவினை. மொழிபெயர்ப்பு என்கிறோமே தவிர மொழிபெயர்வு என்பதில்லை, ஏனென்றால் ஒருவர் செய்கிற வேலை அது. அதே கணக்கில் இது இடப்பெயர்ப்பு. ‘வு’ போட்டால் செய்தவர் காணாமல் போகிறார், கோப்பு தொலைந்தால் யாரைக் கேட்பது?

கோப்பு என்ற சொல்லையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்தது அது. ஃபைல் என்பதன் வேர் லத்தீனின் ‘ஃபீலும்’, நூல். காகிதங்களை நூலில் கோத்து வைத்த பழக்கத்தில் வந்தது. கோப்போ ‘கோ’ என்ற வினையிலிருந்து, பூவைக் கோப்பது போல. இரண்டு மொழியிலும் உள்ளே இருப்பது ஒரே நூல்தான்.

சரி, நகல் எடுத்து ஒட்டினால் போதாதா? நகல் அரபியிலிருந்து வந்த சொல். அங்கே ‘நக்ல்’ என்றால் எடுத்துச் செல்வது என்றும் பொருள், படியெடுப்பது என்றும் பொருள். நமக்கு வந்து சேர்ந்தது படியெடுப்பது மட்டும். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை விண்டோஸ் கோப்புறைகளை மவுஸால் இழுத்துப் போட்டோம். கோப்பெல்லாம் வந்தது, யார் எதைத் திறக்கலாம் என்ற அனுமதிகள் வரவில்லை, உருவாக்கிய தேதி எல்லாவற்றிலும் அன்றைய தேதி, சம்பளப் பட்டியலை எல்லாரும் படித்தார்கள். விண்டோஸோடு வரும் படியெடுக்கும் கருவியான ரோபோகாப்பியும் சும்மா ஓட்டினால் அனுமதிகளை எடுத்துவராது, தனியாகச் சொல்ல வேண்டும்.

லினக்ஸில் வேறு வேடிக்கை. கோப்பின் உரிமையாளர் பெயராக எழுதப்படுவதில்லை, எண்ணாகத்தான் எழுதப்படுகிறது. பழைய டிஸ்க்கைக் கழற்றி அப்படியே புதுப் பெட்டியில் மாட்டினால், அங்கே 1001 கணக்குப்பிள்ளையாக இருந்தது இங்கே 1001 வேறு யாரோவாக இருக்கலாம். கோப்பு பெயர்ந்தது, பெயர் பெயரவில்லை.

அப்புறம் ‘கட்ஓவர்’. விண்டோஸ் சர்வர் 2019-இல் வந்த ஸ்டோரேஜ் மைக்ரேஷன் சர்வீஸ் என்ற கருவி இந்த வேலையை மூன்று கட்டமாகப் பிரிக்கிறது: முதலில் என்னென்ன இருக்கிறது என்று கணக்கெடுப்பு, அடுத்து தரவைக் கொண்டுபோவது, கடைசியில் கட்ஓவர். இந்தக் கடைசிக் கட்டத்தில் புதுப் பெட்டி பழையதன் பெயரை எடுத்துக்கொள்கிறது, வேண்டுமானால் நெட்வொர்க்கில் அதைக் கண்டுபிடிக்கும் எண்ணான ஐபி முகவரியையும். அதனால் யாருடைய ஷார்ட்கட்டும் உடையாது. ‘மாற்றுகை’ என்றெல்லாம் எழுதலாம்தான், ஆனால் நான் குடிபுகல் என்றே சொல்வேன், பால் காய்ச்சுவது மட்டும்தான் பாக்கி.